வெள்ளிக்கிழமைக்குள் வேண்டிய கையெழுத்துகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மண்டபம் நிறைந்திருக்கும் உறவுகளே! நான் றொஷினி, பதினோராம் வகுப்பு மாணவி. இன்று நீங்கள் அஞ்சலி செலுத்தும் வானொலி அறிவிப்பாளர் ஜோன்சன் என் தாய்மாமன். நடந்ததை நடந்தபடியே இங்கே பதிவு செய்யப்போகிறேன். எதையும் அழகுபடுத்தமாட்டேன்.

சற்று முன் மாமாவுக்கு "வானொலி வேந்தர்" என்று பட்டம் கொடுத்தீர்கள். எந்த வானொலி? உங்களில் எத்தனை பேர் அதை மதித்தீர்கள்?

இல்-பிசார் தீவில் ஒரு பல்வைத்தியரின் மேல்மாடியில், 1979இல் இரண்டு நண்பர்கள் தொடங்கிய சிறிய றொக் வானொலி அது. டோர்வல் விமான நிலையத்தில் கிழமை முழுவதும் பயணப்பெட்டி ஏற்றிய மாமா, பதின்மூன்று வருடம் சனி காலைகளில் அங்கே சம்பளமில்லாமல் பழைய கிற்றார் பாட்டுகள் போட்டார். "குரங்குச் சத்தம்" என்று சிரித்தீர்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு என்றால் யாரிடம் ஓடினீர்கள்? சங்கத் தலைவர் அருமைராசா ஐயா அவர்களே, உங்கள் தாயார் மறைந்த அன்று தொலைபேசியில் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது:

"தம்பி, உந்த டமார் டமாருக்கு நடுவிலயெண்டாலும் அம்மான்ர பேரை ஒருக்கா வாசிச்சு விடும்."

மாமா இரண்டு தரம் வாசித்தார்!

இந்த வருடம் அந்த வானொலியின் ஒலிபரப்பு அனுமதி முடிகிறது. புதுப்பிக்க, நேயர்களின் ஆதரவுக் கடிதங்கள் வேண்டும். இங்கத்தைய அரசாங்க மொழியான பிரெஞ்சில் அவற்றை நான் எழுதினேன். மாசிப் பனியில் மாமாவும் நானும் நாற்பத்தொரு வீடுகள் ஏறினோம். என்ன சொன்னீர்கள்?

"அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைச்சா மனிசியை இஞ்ச கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் குழம்பிடும், ஜோன்சன்."

"பேந்து பாப்பம்."

"ஞானப்பாட்டுப் போடடாப்பா, நூறு கையெழுத்து வைக்கிறன்."

"அதுக்கும் கிற்றார் வேணும், அண்ணை" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று பக்கத்து வீட்டுச் செல்வமலர் அன்ரியுடையது, மற்றது என் அம்மாவுடையது.

நாற்பத்திரண்டாவது வீட்டுப் படியில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ போய் மணியை அடி" என்றார். அடித்தேன். திரைச்சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை! திரும்பிப் பார்த்தேன்; மாமா படியில் சரிந்து விழுந்திருந்தார், பிறகு எழவேயில்லை. மாமா விழுந்தது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. அதையும் பதிவு செய்கிறேன். கையெழுத்துக் கேட்க வந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

அவருக்குப் பட்டம் எதற்கு? வெள்ளிக்கிழமை கடைசி நாள்! இந்தக் கையெழுத்தால் ஒருவருடைய ஸ்பொன்சரும் குழம்பாது. சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டேன். மீதி வீடுகளை நான் ஏறுவேன். ஏறிய வீடுகளையும் மறுபடி ஏறுவேன்.

தலைவர் ஐயா, மணிக்கூட்டைக் காட்டாதீர்கள். கடிதங்கள் இதோ. பேனையும் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

யாரோ மண்டப விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அதையும் பதிவு செய்கிறேன்.