கேட்ட படம்

"இந்த வாரம் மூணு படம் கேட்டேன்" என்று எதிர் சீட்டு அக்கா சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோ.

"படத்த யாராவது கேப்பாங்களாக்கா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்த இளம்பெண்.

"தறியில உக்காந்துக்கினு எங்க பாக்கறது? கண்ண எடுத்தா இழை அறுந்தாக்கூட தெரியாது. ஃபோன பக்கத்துல வெச்சிக்கினு கேக்கறதுதான். அந்த அக்கா தம்பி படம் ரொம்பப் புடிச்சிது. ஆனா சண்ட போட்டுக்கினு போன தம்பி கடைசிவரைக்கும் வரவே இல்ல பாரு."

"வந்தானேக்கா."

"எங்க வந்தான்? சத்தமே இல்ல. முடிஞ்சிதுன்னு அடுத்த படத்த போட்டுட்டேன்."

"கடைசி பத்து நிமிஷம் யாரும் பேசவே மாட்டாங்கக்கா. தம்பி வந்து வாசல்ல நிப்பான்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"படத்துல அந்த அக்காக்காரி அவன என்ன கேட்டா?"

"ஒண்ணுமே கேக்கல. உள்ள போயி தட்டு எடுத்தாந்து சோறு போட்டா."

ஐயம்பேட்டை வந்துவிட்டது. அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"என் தம்பியும் போன மாசம் வந்து நின்னான்மா. நான் வாசல்லயே வெச்சி எல்லாத்தையும் கேட்டுட்டேன்."