அமலியின் அமெரிக்கத் தெரு

சாமி, நீங்கள் இந்தப் பங்குக் கோவிலுக்கு வந்தபிறகு பூசை நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிகிறது. டியூட்டி பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. முன்பிருந்த பெரிய சாமியும் நல்லவர்தான். ஆனால் பிரசங்கத்தைத் தொடங்கினால் பாண்டிச்சேரி பாசஞ்சர் போய்விடும்.

பாவ அறிக்கை கேட்கிற இந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் என் முகம் தெரியாது, குரல் தெரிந்திருக்கும். சவரிராயன், விழுப்புரம் ஜங்ஷனில் பெயின்டர். போன ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் என்னை நிறுத்தி, என் தங்கை அமலோற்பவமேரியைப் பற்றிக் கேட்டீர்கள். "அந்தப் பொண்ணுக்கு வலிப்பு வந்ததைக் கண்ணால பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" பதில் சொல்லாமல் போய்விட்டேன் என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். வாசலில் வைத்துச் சொல்கிற விஷயமில்லை அது. பாவசங்கீர்த்தனமாகச் சொல்வதுதான் முறை என்று பட்டது.

முதலில் எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கிற அந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

திண்டிவனத்தில் அமெரிக்கத் துரை ஒருவர் குடியிருந்தார். மல்லாட்டைக் கடலை விவசாயத்துக்கு யோசனை சொல்ல சர்க்கார் வரவழைத்த ஆள். பகலெல்லாம் வல்லம் பக்கம் ஜீப்பில் சுற்றுவார். சாயங்காலமானால் கூடத்து மேசையில் பொம்மை ரயில் விடுவார். பொம்மை ரயில் என்றால் குழந்தை விளையாட்டு இல்லை. தண்டவாளத்தைச் சுற்றி ஓர் ஊரையே கட்டிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர், அவர் சிறு பையனாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. அந்த மேசை ஊரில் வருஷம் 1912. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுத ஆள் தேடியபோது யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள்.

எனக்கு வேகன் நம்பர் எழுதுகிற கை. ஓர் அடி உயரத்துக்கு எட்டு போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அரிசி அளவு பலகையில் எழுதச் சொன்னால் எழுத்தும் இல்லை, பலகையும் இல்லை, கையெல்லாம் பெயின்ட். அதனால் அமலியைக் கூட்டிப்போனேன். அணில் வால் முடியில் நாலைந்தைக் கட்டி அவளே பிரஷ் செய்துகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரையின் போட்டோ ஆல்பத்தைப் பார்த்து நாவிதர் கடைப் பலகையை எழுதிக் காட்டினாள். துரை பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த ஊருக்கு வேண்டியதெல்லாம் அவள் கையால்தான் வந்தது. குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி, குதிரை கட்டுகிற கட்டை, காஸ் விளக்கு, பிளாட்பாரத்தில் பால் கேன், ஐஸ் வண்டி, கொடியில் காயும் துணி. ஒருநாள் ஒரு வீட்டுக் கூரைமேல் மல்லாட்டை காயப்போட்டுவிட்டாள், கடுகை விடச் சின்னதாக. துரைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். அந்த ஊரில், அந்த வருஷத்தில் இல்லாத எதுவும் அங்கே இருக்கக்கூடாது, அதில் மட்டும் அவர் கண்டிப்பு. அது எனக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் ஓர் இடமாவது சரியாக இருக்கட்டுமே.

அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டபோது கப்பலில் மேசை போகாது என்றார்கள். எங்களுக்கே கொடுத்துவிட்டார். "முடிச்சுடுங்க," என்று தமிழில் சொன்னார். பெரிய தெருவில் பாதிதான் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் கடைகள் மொட்டையாக நின்றன, விளக்கு இல்லை, ஆள் இல்லை. எங்கள் வீட்டு நடுக்கூடத்தை அந்த மேசை அடைத்துக்கொண்டது. நாங்கள் ஓரத்தில் பாய் போட்டுப் படுத்தோம். நான் வேலை முடிந்து வந்ததும் அவள் அன்றைக்குச் செய்ததைக் காட்டுவாள். அம்மா போன வீட்டில் அதைவிட எனக்கு என்ன சந்தோஷம் இருந்தது, சொல்லுங்கள்.

அப்போதுதான் கண்டமங்கலத்துத் தொம்மைக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பாண்டிச்சேரி மில்லில் வேலை. ஒழுங்கான பையன், குடி கிடையாது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அமலி அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தாள். சரி என்றேன். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலையைக் கோவிலில் வாசித்தார்கள். இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பெரிய சாமி சொன்னபோது, என் மனதுக்குள் மொட்டைக் கடைகள்தான் நின்றன. இவள் போய்விட்டால் அந்தத் தெரு அப்படியே நிற்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? என் கையைப் பார்த்திருக்கிறீர்கள்.

மறுநாள் கண்டமங்கலம் போனேன். தொம்மையின் அம்மா மோர் கொடுத்தாள். "அத்தே, நாளைக்கு நீங்க என்னைக் குத்தம் சொல்லக்கூடாது இல்ல, அதான் வந்தேன். அவளுக்கு வலிப்பு இருக்குது. தூக்கத்துல வரும்," என்றேன். அந்த அம்மாள் மோர்ச் செம்பை ஓரமாக வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன் வாயால இத சொல்றதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்," என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் அழுகை வந்தது.

மூன்றாவது ஞாயிறு அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய சாமி வேறு யாருடைய ஓலையையோ வாசித்தார், காகிதத்தை மடித்தார், திரும்பிவிட்டார். அமலி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைத் தேடினாள். நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டேன். அதை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அண்ணே, இன்னாவோ சொல்றாங்களே, எனக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"தூக்கத்துல வரும்மா. ஒனக்குத் தெரியாது. அம்மா செத்ததுலேர்ந்து வருது. நான்தான் சொல்லாம பாத்துக்கினு இருக்கேன்."

அவள் சண்டை போடவில்லை, சாமி. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தினி நாளா தூங்காம கெடந்தியாண்ணே," என்றாள்.

அதன்பிறகு கிணற்றுப் பக்கம் போவதை அவளே விட்டாள். அடுப்பை விட்டாள், தனியாகத் தெருவில் நடப்பதை விட்டாள். நான் எதையும் தடுக்கவில்லை. பயம் அவளுடையது. நாள் முழுக்க மேசை முன்னால் உட்கார்ந்தாள். தெரு வளர்ந்தது.

ஊர் வாய் இருக்கிறதே, அதற்குத்தான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நாலு பேர் பேச ஆரம்பித்தார்கள். தெரிந்த கம்பவுண்டரிடம் தூக்க மாத்திரை வாங்கினேன். வலிப்புக்கு மருந்து என்று அவளுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒன்று, தண்ணீரில். நற்கருணை நன்மை வாங்க வெறும் வயிறு வேண்டும், ஆனால் மருந்தும் தண்ணீரும் தடையில்லை என்று மேலிடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். வாரநாளில் கொடுப்பதில்லை. கை நடுங்கும், வேலை கெட்டுவிடும். பூசையில் அவள் தள்ளாடுவாள், கண் சொருகும். பக்கத்தில் இருக்கிற இருதயசெல்வி அக்கா சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து அமுக்குவார். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று நம்பிக்கை. அமலியும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பூசை முடிந்து அக்காவுக்குக் கும்பிடு போடுவாள்.

வருஷங்கள் போயின. போன மாதம் தொம்மை வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது. கூடத்துக்குள் வர இடமில்லாமல் நிலைப்படியிலேயே நின்று பேசினான்.

"மச்சான், அம்மா போய்ட்டாங்க. நான் இன்னும் கட்டிக்கல. வலிப்பு வந்தா இன்னா? பக்கத்துல ஒக்காந்துக்குறேன். அவ்ளோதானே?"

அமலி அப்போது தபாலாபீஸ் பலகையை எழுதிக்கொண்டிருந்தாள். பிரஷை எடுக்கவில்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை.

"வேணாங்க. என்னால நெருப்புகிட்ட போவ முடியாது. ஒரு கொழந்தயத் தூக்க முடியாது. ஒங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேஜாரு? நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்குங்க."

"நீ சொல்லு மச்சான்," என்றான் என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், சாமி. அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் வாயால் அவளே சொன்னாள். அவன் கொஞ்சநேரம் அவள் உச்சி வகிட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான் என்று நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் புரிந்தது.

கேள்வியோடு விட்டிருக்கலாம். பாண்டிச்சேரியிலிருந்து பெரிய டாக்டரை இந்த வாரம் வீட்டுக்கே அழைத்துவருகிறேன் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள், நாளைக்கு அவர் வருகிறார். நல்ல எண்ணம்தான். ஆகவே உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அமலிக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை.

பெருமூச்சு விடுகிறீர்கள். தெரிகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லச் சொல்வீர்கள், இல்லாவிட்டால் பாவமன்னிப்பு கிடையாது என்பீர்கள். சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று யோசித்தீர்களா? இத்தனை வருஷம் தனியாக இருந்ததற்கு அவளிடம் இருக்கிற ஒரே காரணம் அந்த வலிப்புதான். அதையும் பிடுங்கிக்கொள்ளவா? மன்னிப்பு தராவிட்டால் பரவாயில்லை. தந்தாலும் தராவிட்டாலும் இங்கே கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லக்கூடாது, அதை வைத்து எதையும் செய்யவும் கூடாது என்று ஞானோபதேசப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தொம்மையிடம் சொல்ல முடியாது, அமலியிடம் முடியாது. டாக்டர் விஷயமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சந்தேகத்தில் சொன்னீர்கள், நாளைக்கு வந்தால் இங்கே கேட்டதைத் தெரிந்துகொண்டு வருகிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மனச்சாட்சிக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும்.

எனக்கு இப்போது மனம் லேசாக இருக்கிறது. இத்தனை நாள் ஒண்டியாகச் சுமந்தேன். இனி அவளைப் பார்த்துக்கொள்ள நாம் இரண்டு பேர் இருக்கிறோம், சாமி.