கத்தி நின்றதைக் கண்டவர் யார்?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் ஞானரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசையை முத்தாக்கிய மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்னையரே! வேலை தேடும் வேங்கைகளே! வணக்கம்.

“சார், ஸ்ரீவில்லிபுத்தூர விட்டுப் போகாம இந்த வேலையப் பாக்க ஏலுமா?” என்று என் மாணவி ஹஃப்ஸா முன்பொரு நாள் கேட்டாள். இயந்திரங்களோடு வரும் கையேட்டை எழுதுவது அவள் வேலை. “கணினி இருந்தால் போதுமே!” என்றேன். வீட்டிலிருந்தே எழுதினாள், வெற்றியோடு எழுதினாள்.

திடீரென்று இடி! “சென்னை அலுவலகத்துக்குக் குடிவா, இல்லையேல் விலகு” என்றது நிறுவனம். கணவருக்கு இங்கே கடை, மகளுக்கு இங்கே பள்ளி. எப்படிப் போவாள்?

அந்தக் கலக்கத்திலும் ஓர் ஆசை. பேண்டேஜ் துணி நறுக்கும் இயந்திரம், அவள் கையேடு எழுதியது, ராஜபாளையம் மில் ஒன்றுக்கு வந்திருந்தது. முதன்முறையாக நேரில் பார்க்கப் போனாள்.

பார்த்தாள், பதறினாள்! ஃபிட்டர் சோலைச்சாமி நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மூடியைத் திறந்து, கையை நீட்டுகிறார். உள்ளே கத்தி இன்னும் சுழல்கிறது!

“அண்ணே, கைய எடுங்க!”

“ஏம்மா கத்துதிய? பொஸ்தகத்துல போட்டபடிதான செய்யுதேன்! அமுக்குனதும் தெறக்கலாம்னு இருக்குல்லா?”

அந்த வரி யாருடையது? ஹஃப்ஸாவுடையது! இயந்திரம் செய்யும் கோவை ஆலையிலிருந்து, பொத்தானை அழுத்தி வீடியோ காலில் அவளுக்குக் காட்டியபோது படம் உறைந்துவிட்டது. மீண்டும் தெளிந்தபோது கத்தி நின்றிருந்தது. அழுத்தியதுமே நின்றதாக நம்பி எழுதிவிட்டாள்.

பின்வரிசைத் தம்பி, “அப்போ சென்னைக்கே போயிரணும்லா?” என்கிறார். தம்பி, சென்னையில் என்ன இருக்கிறது? நாற்காலி இருக்கிறது, ஏசி இருக்கிறது. கத்தி இருக்கிறதா?

அதையேதான் நிறுவனத்திடம் கேட்டாள் ஹஃப்ஸா. தன் தவறைத் தானே சொல்லி, கையேடுகளைத் திரும்பப் பெறச் செய்து, “புது மெஷின் எங்க ஓடுதோ அங்க வாரேன், பாக்கேன், எழுதுறத வீட்டுல இருந்து எழுதுதேன்” என்றாள். நிறுவனம் வழிவிட்டது. இன்று கோவைக்குப் போகிறாள், குடியேறவில்லை!

ஊர் மாற வேண்டாம், உறவுகளே! ஆனால் காணாததை எழுதவே வேண்டாம்!

செவிகொடுத்த நெஞ்சங்களுக்கு நன்றி, வணக்கம். வீட்டுக்குப் போனதும் உங்கள் மிக்ஸியைக் கழற்றிக் கழுவும் முறையை நாலு வரியில் எழுதி, அதைத் தொட்டறியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.