மாமரத்தடிக் குழி

இல்லை மாமி, பெருச்சாளியும் இல்லை, திருடனும் இல்லை. உங்க மாமரத்தைச் சுத்தி அப்படிக் குழி பறிச்சது எங்காத்துக்காரர்தான். நீங்க கோவிலுக்குப் போயிருந்தேளே, அப்போ. மெதுவாப் பேசுவோம், உள்ளேதான் படுத்துண்டிருக்கார். நீங்க உக்காருங்கோ. நான் நிக்கறேன், இன்னிக்கு எனக்கு உக்காரவே முடியலை.

புதையலா? அதெல்லாம் இல்லை. வேர் பாக்கறார். ஆமாம், வேர்தான். சிரிக்காதேங்கோ. மகாராஜா சர்க்கார்லே காட்டு இலாகா உத்யோகம்னு குடி வந்த அன்னிக்கே சொன்னோமே. மைசூருக்கு மாத்தல் ஆறதுக்கு முன்னாடி ஆகும்பே பக்கம் ரேஞ்சரா இருந்தார். காட்டுக்குள்ளேயே வீடு.

அந்த மழையை நீங்க பாத்திருக்க மாட்டேள். இங்கே மாதிரி சாயங்காலம் நாலு தூத்தல் போட்டுட்டு ஓடிப்போற மழை இல்லை. ஆனியிலே பிடிச்சா ஆவணி தாண்டியும் விடாது. துணி உலராது, உப்பு ஜாடியிலே தண்ணியாப் போயிடும். மண்ணு ஊறிண்டே கிடக்கும். அதனாலே அங்கே மரத்துக்கு வேர் ஆழமாப் போகாதாம். மேலேயே அத்தனை தண்ணி கிடக்கறச்சே கீழே எதுக்குப் போகணும்? போனாலும் ஊறின மண்ணுலே மூச்சு முட்டுமாம். வேருக்கு ஏது மூச்சுன்னு கேட்டேன். எல்லாத்துக்கும் உண்டு, போடின்னார்.

அதான் வேரெல்லாம் மேலாகவே பரவிக் கிடக்கும். பெரிய மரத்துக்கு அடியிலே பலகை பலகையா ஆள் உசரத்துக்கு நிக்கும், நடுவிலே மாடு கட்டலாம். கோடையிலே சருகு காய்ஞ்சு நொறுங்கினா, மேலாப்லே இருக்கற பொடி வேரெல்லாம் கருகிடும். முதல் மழை விழுந்தப்புறம் சருகை விலக்கிப் பாக்கணும் நீங்க, வெள்ளை வெளேர்னு சேவை மாதிரி புது வேர் ஏறி வந்துண்டிருக்கும். என் கையைப் பிடிச்சு இழுத்துண்டு போய்க் காட்டுவார். தளிகை அடுப்பிலே இருக்குன்னு நான் கத்திண்டே போவேன். அப்போ நன்னா சிரிப்பார் மாமி. இப்போ நீங்க பாக்கறது வேற மனுஷர்.

சாமுண்டி மலைப் பக்கம் கறுத்துண்டு வரதோ? இல்லையா. சரி.

ஒரு வருஷம் கோடை விடவே இல்லை. ஆனி போச்சு, ஆடி வந்தது, ஒரு சொட்டு இல்லை. செத்த வேர் செத்ததுதான், புதுசு வரலை. இவர் தினம் போய்ச் சருகைக் கிளறிப் பாத்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு வருவார். அப்புறம் பிடிச்சுது, பானையைக் கவுத்தாப்போல. மண்ணைப் பிடிச்சுக்க வேர் இல்லை, தண்ணி மண்ணை அரிச்சுண்டு போறது, மேலே மரம் நனைஞ்சு நனைஞ்சு கனத்துப் போறது. இவர் அந்த மழையிலேயே ரேஞ்சு பூரா அலைஞ்சு, எது சாயும் எது நிக்கும்னு பாத்து, கூலி ஜனங்களோட குடிசையெல்லாம் நகத்தி வெச்சார். ஒரு உசிர் போகலை அங்கே. மாதம்மான்னு எங்காத்துலே வேலை செஞ்சவ, இன்னும் இவர் பேரைச் சொல்லி விளக்கேத்தறாளாம்.

எங்காத்து வாசல்லே ஒரு தூபமரம். அதை மாத்திரம் இவர் பாக்கலை. தினம் பாக்கற மரம், தனியா என்ன பாக்கறது? மழை விட்டு, நல்ல வெயில் அடிச்சுண்டிருக்கு. இலை அசங்கலை. அப்போ சாஞ்சுடுத்து.

அதிலேர்ந்து இப்படித்தான். எங்கே போனாலும் மரத்தடியை நோண்டிப் பாக்கணும். ஆபீஸிலே பரிகாசம் பண்றா போலிருக்கு. இந்த அக்ரஹாரத்துலேயும் பண்ணுவா, பண்ணட்டும்.

உங்க மரத்துக்கு ஒண்ணும் இல்லை, பயப்படாதேங்கோ. இந்த ஊர் வறண்ட மண்ணு, வேர் தண்ணி தேடிண்டு கீழே இறங்கியிருக்கும்னு குடி வந்தப்பவே சொன்னார். நேத்திக்குக் கிணத்தடியிலே நீங்க சொன்னேளோல்லியோ, உங்க குழந்தை யதுகிரிக்கு அதுலே ஊஞ்சல் கட்டப்போறோம்னு? அது காதுலே விழுந்ததிலேர்ந்து மனுஷருக்கு இருப்புக்கொள்ளலை. காலம்பற தோண்டிப் பாத்துட்டு, ஆணிவேர் நேரே இறங்கறது, யானை முட்டினாலும் சாயாதுன்னு வந்து சொன்னார். கையலம்பிண்டு சாதத்துக்கு உக்காந்தார். பாதியிலே எழுந்து மறுபடியும் கடப்பாறையை எடுத்துண்டு போயிட்டார். அந்தப் பக்கத்துக் குழியெல்லாம் அப்போ தோண்டினது.

நானே மூடிடறேன், ஆள் விட வேண்டாம். ஊஞ்சலும் கட்டுங்கோ, வேண்டாம்னு சொல்ல வரலை. ஒண்ணே ஒண்ணுதான். கட்டினதும் முதல்ல இவரை உக்காத்தி வெச்சு ஆடச் சொல்லுங்கோ. வேடிக்கையாத்தான் இருக்கும், அத்தனை பெரிய சரீரம். இவரா வந்து கேக்க மாட்டார் மாமி. எங்க பொண்ணு ஸரஸாவுக்கு அந்தத் தூபமரத்துலே ஊஞ்சல் கட்டிக் கொடுத்தவர் இவர்தான். அன்னிக்கு வெயில் வந்துடுத்தேன்னு அவதான் முதல்ல ஓடிப்போய் உக்காந்தா.