அடி வாங்குற மெஷின்

— அடிக்கிறதுக்கு ஒண்ணு, அடி வாங்குறதுக்கு ஒண்ணு. ரெண்டு சிஸ்டம் போதும் மாமா. மூணாவது எதுக்கு?

— இரு மாப்ள, அவசரப்படாத. மொதல்ல அடிக்கிறதப் பத்திச் சொல்லு.

— அது காளி, ஏத்தி வெச்சுட்டேன். லினக்ஸ்ல ஒரு வகை. எந்தக் கம்ப்யூட்டரோட கதவு எப்படித் திறக்கும்னு சோதிச்சுப் பாக்குற சாமானெல்லாம் அதுக்குள்ளயே இருக்கும்.

— பேரே பயமா இருக்கே. சூலமும் சேத்துத் தருவாங்களா?

— மவுஸ்தான் இருக்கு, அதை வெச்சு சமாளிங்க.

— சரி, இது ரெண்டும் ஒரே மெஷினுக்குள்ளயா?

— ஆமா. ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி. அடியில சாதா லினக்ஸ் ஓடும், அவன்தான் வீட்டுக்காரன். மேல இது ரெண்டும் வாடகைக்கு. ஒண்ணு போய் இன்னொண்ணோட கதவை உடைச்சாலும் வீட்டுக்காரன் மேல ஒரு கீறல் விழாது. நெட் வயரை மட்டும் உருவிடணும். இல்லேன்னா அடி வாங்குறவன் வீட்டுக்குள்ள தெருவுல போறவனெல்லாம் பூந்துருவான்.

— அடி வாங்குறவன் யாரு?

— பழசு. பாப்பா மெஷின்ல இருந்துச்சே, அதே சிஸ்டத்தைப் போடலாம். அப்டேட் எதுவும் போடாம, இருக்கிற ஓட்டையோட. ஒரே தட்டுல திறந்துக்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதான் லேசு.

— அது வேணாம்.

— ஏன் மாமா?

— அது திறக்கும்னு எனக்கே தெரியுமே. எனக்கு எல்லா அப்டேட்டும் சுத்தமாப் போட்டது ஒண்ணு வேணும். அதுவும் திறக்கணும்.

— நல்லா இருக்கே கதை! அப்டேட் போட்டா அந்த ஓட்டை அடைஞ்சுடும் மாமா. அதுக்குத்தானே அப்டேட்டு. அப்புறம் காளி தலைகீழா நின்னாலும் திறக்காது.

— திறக்க வை.

— என்ன விளையாடுறீங்களா? குடோன்ல மூட்டை தூக்கிட்டு வந்து, இருக்கிற முதுகு வலிக்கு இது எதுக்குன்னு அப்பவே கேட்டேன். வேற வேலைக்குப் போகப் படிக்கிறேன்னீங்க.

— பொய். உங்கக்காவுக்குக் காட்டணும், அதுக்குத்தான்.

— என்னத்த?

— அப்டேட் போடவான்னு கேட்டு ஒரு கட்டம் வந்துச்சுல்ல, அப்ப அவ ‘அப்புறம்’ங்கிற பட்டனை அமுக்கிட்டா. மறுநாளே அந்தப் பூட்டுற வைரஸ் வந்து, பாப்பா குரல்ல பதிஞ்சு வெச்சிருந்ததையெல்லாம் பூட்டிட்டுப் போச்சு. அந்த ஓட்டை வழியாத்தான் வந்திருக்குன்னு நீதானே பாத்துச் சொன்ன. அதுவும் அவ முன்னாடியே.

— ரிப்பேர் கடைக்கு வர்ற எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொல்லிட்டேன் மாமா. வாயைக் கட்டியிருக்கணும்.

— உன்னைக் குறை சொல்லல. அதுலேர்ந்து அவ எந்தப் பட்டனையும் தொடுறதில்ல, கவனிச்சியா? போன் அடிச்சா என்கிட்ட நீட்டுறா. தையல் கம்பெனியில லிஃப்டுக்குள்ள ஏறி, வேற யாராவது வந்து அமுக்குற வரைக்கும் சும்மா நிக்கிறாளாம். கூட வேலை பாக்குற பொண்ணு சொன்னா, சிரிச்சுக்கிட்டே.

— எனக்குத் தெரியாது மாமா.

— பாப்பா போனப்பகூட அழுதா. இதுக்கு அழவே இல்ல. ‘புள்ளய வியாதி கொண்டு போச்சு, குரலை நான் தொலைச்சேன்’னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதோட சரி.

— பென்டிரைவுல ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேனே...

— கொடுத்த. தனியா வெச்சா எங்கயாவது தொலைஞ்சுடும்னு அதை மெஷின்லயே சொருகி வெச்சிருந்தா. அதையும் சேத்துப் பூட்டிருச்சு.

— நானும் கேக்காத இடமில்ல மாமா. அந்தப் பூட்டுக்கு எவன்கிட்டயும் சாவி இல்ல.

— சாவி வேணாம்டா இப்ப. சரியா அமுக்கியிருந்தாலும் போயிருக்கும்னு அவ கண்ணால பாக்கணும். அவ்வளவுதான். ராத்திரி கொஞ்சம் தூங்குவா.

— ஒரு வழி இருக்கு. ஆனா பித்தலாட்டம்.

— சொல்லு.

— எல்லா அப்டேட்டும் போட்டு வெச்ச சிஸ்டம் ஒண்ணு இந்த டிஸ்க்லயே இருக்கு. அதோட பாஸ்வேர்டை ஒண்ணு ரெண்டு மூணுன்னு மாத்தி, பின்வாசலை மட்டும் தாழ் போடாம விட்டுடுறேன். காளி அந்த வழியா உள்ள போயிடும். பாக்கிறவங்களுக்கு அப்டேட் போட்டும் உடைஞ்ச மாதிரிதான் தெரியும்.

— அதைச் செய்.

— அக்காகிட்ட பொய் சொல்லணுமா? சின்ன வயசுலேர்ந்தே என் மூஞ்சியப் பாத்தே புடிச்சுடும்.

— ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே சொல்லு. சீக்கிரம் மாத்து, அவ செருப்புச் சத்தம் கேக்குது.

— என்னடா தம்பி, கதவைக்கூடச் சாத்தாம ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? எதை உடைச்சீங்க?

— இன்னும் உடைக்கலக்கா. நீ வந்ததும் உடைக்கலாம்னு.

— பையை வெச்சுட்டு இப்படி வந்து உக்காரும்மா. ஒண்ணு காட்டணும்.

— நின்னு நின்னு கால் கடுக்குதுங்க. நாளைக்குக் காட்டுங்களேன்.

— ஒரே நிமிஷம். இந்த சிஸ்டத்தைப் பாரு. எல்லா அப்டேட்டும் போட்டது. பச்சையா டிக் போட்டிருக்கா?

— போட்டிருக்கு.

— ஒண்ணு பாக்கியில்ல. மாப்ள, அடி!

— அடிச்சிட்டேன்... உள்ள போயிடுச்சு.

— பாத்தியா? பாத்தியா? அத்தனையும் போட்டும் பூந்துட்டான். அன்னிக்கு நீ சரியான பட்டனையே அமுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உன் மேல ஒரு குத்தமும் இல்ல.

— இத்தனை நாளா சோத்தைக்கூட பாதியில வெச்சுட்டு இது முன்னாடி வந்து உக்காந்தது இதுக்குத்தானா?

— பின்ன வேற எதுக்கு?

— தம்பி, ஸ்கிரீனை விட்டுட்டு இங்க பாரு.

— பாக்குறேன்க்கா.

— அன்னிக்கு அப்டேட் போட்டிருந்தா?

— மாமாதான்க்கா...

— மாமாவை விடு. போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

— உள்ள வந்திருக்காதுக்கா.

— டேய்! உனக்கு ஒரு நிமிஷம் வாய் நிக்காதா?

— அவனை ஏன் வையிறீங்க? எனக்குத் தெரியாததையா சொல்லிட்டான்?

— உனக்காகத்தானேம்மா இவ்வளவும்...

— எனக்காகத்தான், புரியுது. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி நான் கை தவறி அமுக்கல. மெஷின் அணைஞ்சு திரும்ப எழும்பும்னு அந்தக் கட்டத்துல போட்டிருந்துச்சு, எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அப்ப ஸ்பீக்கர்ல பாப்பா பேசிக்கிட்டிருந்தா. பாதியில அவ வாயைப் பொத்த எனக்குக் கை வரல. முடிக்கட்டும்னுதான் ‘அப்புறம்’ அமுக்கினேன். தப்புதான். ஆனா இப்ப அதே கட்டம் வந்து நின்னாலும் அதையேதான் அமுக்குவேன்.

— அப்ப லிஃப்ட்ல ஏன் அப்படி நிக்கிற?

— கைக்கு இன்னும் பயம் போகல. அதுக்கு எத்தனை சொன்னாலும் புரிய மாட்டேங்குது.

— நான் ஒரு மடையன். பாட்டுன்னு நெனச்சேன். பாப்பா ஏதோ பாடி வெச்சிருக்கான்னு.

— பாட்டா? நீங்க ஒரு நாளாவது உக்காந்து கேட்டீங்களா?

— அவ குரல் வந்தாலே என்னால உக்கார முடியாது. வாசலுக்குப் போயிடுவேன். கொஞ்சம் மனசு ஆறட்டும், கேக்கலாம்னு இருந்தேன்.

— கதைங்க அது. படுக்கையில கிடந்து அவளே கட்டின கதை. நான் தினம் வேலை விட்டு வந்து கேட்டேன். ஒரு சொல் விடாம எனக்குள்ள கிடக்கு. குரல் போச்சு, கதை எனக்குப் போகல. போனது உங்களுக்குத்தான்.

— நான் கெளம்புறேன்க்கா. நீங்க ரெண்டு பேரும்...

— உக்காரு தம்பி, நீயும் கேளு. என்னங்க, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு இப்படித் திரும்புங்க. ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சாம். சாயங்காலமானா அதுக்கு முதுகு வலிக்குமாம். யார் கேட்டாலும் வலிக்கவே இல்லன்னு பொய் சொல்லுமாம், எங்கப்பா மாதிரியே.