நாலாயிரத்துப் பன்னிரண்டாவது பாடம்

— அப்போ பதினோரு வருஷமா, தினமும், ஒரே மாணவி. அதுவும் உங்க மனைவி.

— சில பேருக்கு வண்டி சீக்கிரம் வரும் சார், சில பேருக்கு வராது. நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்ட வரலைன்னு ஒருத்தரைப் பாதியில கைவிடறது என் தொழிலுக்கு அழகில்ல.

— அது நிஜம்தான் சார். இவரு என்னைக் கைவிட்டதே இல்ல. பிரேக்கை விட்டும் காலை எடுத்ததில்ல.

— அம்மா, உங்ககிட்ட அப்புறம் வர்றேன். மாஸ்டர், விஷயம் இதுதான். ஸ்கூல் வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க. ஞாயிற்றுக்கிழமையும் உங்ககிட்டதான் நிக்குது. கம்பெனி வண்டியை ஊழியர் சொந்த வேலைக்கு ஓட்டினா, அது சம்பளம் வாங்கின மாதிரி. அதுக்கு ஊழியர் சலுகை வரி உண்டு. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டணும்.

— நான் எங்க சார் ஓட்டினேன்? நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கேன். அந்தப் பக்கமும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் இருக்கு. அதை வண்டின்னே சொல்லக் கூடாது சார். கரும்பலகைக்குச் சக்கரம் வச்ச மாதிரி. கரும்பலகைக்கு யாராவது வரி போடுவாங்களா?

— கரும்பலகையில ஏறி யாரும் கல்யாணத்துக்குப் போறதில்ல மாஸ்டர். என் படிவத்துல நாலு கட்டம்தான் இருக்கு. பயணி வாகனம், சரக்கு வாகனம், பயிற்சிக் கருவி, இழுவை விலங்கு. இதுல ஒண்ணுல நான் குறி போட்டாகணும்.

— விலங்குக்கு வரி எவ்வளவு சார்?

— விலங்குக்கு வரி இல்ல. தீவனச் செலவுக்குக் கழிவும் உண்டு.

— அப்போ அதுலயே போட்டுடுங்களேன்.

— என்னங்க, வெளியில நிக்கறது மாடா? சும்மா இருங்க.

— சரி சார், பயிற்சிக் கருவிக்கே வருவோம். விதி என்ன சொல்லுதுன்னு நீங்களே படிங்க. நான் கண்ணாடி கொண்டு வரல.

— ‘உரிமம் பெற்ற ஒருவர், உரிமம் பெறாத ஒருவருக்கு ஓட்டுதலைக் கற்பிக்கும் பொருட்டு இயங்கும் வாகனம், பயிற்சிக் கருவியாகக் கொள்ளப்படும்; சலுகையாகக் கொள்ளப்படாது.’

— அவ்வளவுதான் சார். லைசென்ஸ் இருக்கற ஒருத்தர், இல்லாத ஒருத்தர், நடுவுல கியர். முடிஞ்சுது.

— முடியல. உங்க பாடப் பதிவேட்டைப் புரட்டினேன். நேத்து வரைக்கும் நாலாயிரத்துப் பதினோரு பாடம். அதுல ஆயிரத்து நூத்தித் தொண்ணூறாவது: ‘அவசர காலத்தில் நிதானம் தவறாமை.’ புறப்பட்ட இடம், வீடு. சேர்ந்த இடம், பிரசவ ஆஸ்பத்திரி.

— அன்னைக்கு எனக்கு வலி எடுத்திருச்சு சார்.

— யாரு ஓட்டினது?

— நான்தான். இவரு ஓட்டினா சொந்த உபயோகம் ஆயிடுமாம்.

— மாணவி இல்லாம வண்டி நகரக் கூடாது சார். அது விதி. ஆனா நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ‘மூச்சை இழுத்து விடுங்க, கியரை மாத்துங்க’ன்னு ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே வந்தேன்.

— பத்து நிமிஷ தூரம் சார். இவரு பிரேக்கால நாப்பது நிமிஷம் ஆச்சு.

— அடுத்த பாடம். ‘மேடு பள்ளத்தில் மென்மையாகச் செலுத்துதல்.’ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. பின்சீட்டில் பார்வையாளர் இருவர்.

— எங்கம்மாவும் குழந்தையும்.

— பிறந்து மூணு நாள் ஆன குழந்தை பார்வையாளரா மாஸ்டர்?

— முழிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் சார் வந்தான்.

— ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறாவது பாடம். ‘நெரிசலில் இடம் கண்டு நிறுத்துதல்.’ துணிக்கடை வாசல். மூணு மணி நேரம்.

— இவளுக்கு நிறுத்தறது வரவே வராது சார். பாடுபட்டேன்.

— எனக்கா? ஒரே மூச்சுல நிறுத்தினேன். மீதி நேரமெல்லாம் உள்ள துணி எடுத்தோம். அதுலயும் இவருக்கு நாலு சட்டை.

— ஏய், கொஞ்சம் பேசாம இரேன்.

— பதிவேட்டுல எல்லா இடத்துலயும் ‘மேடம்’னு எழுதியிருக்கீங்க. இங்க ‘ஏய்’னு சொல்றீங்க.

— வண்டிக்குள்ள அவ மாணவி சார். மாணவியை மேடம்னுதான் கூப்பிடணும். அது ஸ்கூல் ஒழுங்கு.

— இறங்கிக் கதவைச் சாத்தினதும் ‘ஏய்’ சார். பதினோரு வருஷமா, கொஞ்சம் மரியாதை வேணும்னு தோணிச்சுன்னா நான் போய் வண்டியில ஏறி உட்கார்ந்துக்குவேன்.

— சரி. தேர்வு விவரத்துக்கு வருவோம். அம்மா ஓட்டுநர் தேர்வுக்கு ஏழு தடவை போயிருக்காங்க. ஏழும் தோல்வி. ஏழு தடவையும் ஒரே காரணம்: பின்னோக்கி வரும்போது கம்பத்தை இடிச்சது.

— அதே கம்பம் சார்! வருஷா வருஷம் அதே கம்பம்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— கம்பம் எங்க இருக்குன்னு தெரியாதவங்களால ஒரே கம்பத்தை ஏழு தடவை இடிக்க முடியாது சார். நாலாவது தடவை இடிக்க மறந்து தாண்டிப் போயிட்டேன். இவரு வேலிக்கு வெளியில நின்னு கையைக் கையை ஆட்டினாரு. அப்புறம் திரும்பி வந்து இடிச்சேன்.

— வேணும்னே தோத்தீங்களா?

— கோபத்துல பேசறா சார்.

— கோபமெல்லாம் இல்ல. லைசென்ஸ் வாங்கினா மாணவி இல்ல. மாணவி இல்லைன்னா வண்டி இல்ல. இது எங்க வீட்டுல பேசி முடிச்ச முடிவு. ஆளுக்கு ஒரு வேலை. பதிவேடு எழுதறது இவரு வேலை, கம்பத்தை இடிக்கறது என் வேலை.

— கடைசி நாலு வருஷமா தேர்வுக்கே போகலையே, ஏன்?

— மனசு உடைஞ்சு போச்சு சார் அவளுக்கு.

— அப்படியே வச்சுக்குங்க சார்.

— மாஸ்டர், நேராவே சொல்லிடறேன். இதைப் பயணி வாகனம்னு குறிச்சேன்னா, வரி உங்க ஒன்றரை வருஷச் சம்பளத்துக்குக் கிட்ட வருது.

— குறிச்சிடாதீங்க சார். முதலாளி முன்னாடியே சொல்லிட்டாரு, வரி விழுந்தா சம்பளத்துல பிடிச்சுக்குவேன், சாவியையும் வாங்கிக்குவேன்னு. அந்த வண்டி இல்லைன்னா இவங்கம்மாவை வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது?

— என்ன சொன்னீங்க?

— பார்வையாளரா சார். பின்சீட்டுப் பார்வையாளரா.

— நான் உள்ளதைச் சொல்லிடறேன் சார். எங்கம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யல. வாரம் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும். போகும்போதாவது நடந்து வந்துடுவாங்க. திரும்பும்போது துவண்டு போயிடுவாங்க. பஸ்ல ஏத்த முடியாது. வாடகை வண்டி மூணு மாசம் பாத்தோம், கட்டுப்படியாகல. வரி வந்தா எப்படியாவது கட்டிடுவோம். வண்டி போச்சுன்னாதான் எங்களுக்கு வழியில்ல.

— உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. ஒண்ணு பண்ணலாம். இப்பவே ஒரு பாடம் நடத்துங்க. நான் பின்சீட்டுல உட்கார்ந்து பாக்கறேன்.

— பார்வையாளரா சார்?

— அதிகாரியா.

— ஏறுங்க சார். ஏய், சாவி. இல்ல, மேடம், நீங்களும் ஏறுங்க மேடம். இது நாலாயிரத்துப் பன்னிரண்டாவது பாடம். சீட் பெல்ட். கண்ணாடி. கியர் நியூட்ரல்ல இருக்கா பாருங்க.

— இருக்கு.

— பயப்படாதீங்க மேடம். சார், கவனிங்க, கை நடுங்கறதை.

— நடுங்கறது வண்டிங்க. நீங்க க்ளட்சைப் பாதி அமுக்கிட்டு இருக்கீங்க.

— மாஸ்டர், காலை எடுங்க. ரெண்டு காலும். மடக்கி சீட்டு மேல வைங்க, எனக்குத் தெரியற மாதிரி.

— வச்சுட்டேன் சார். இனி நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல.

— பரவாயில்லையேம்மா. ஒரு குலுக்கல் இல்ல. குளத்துல படகு போற மாதிரி போகுது.

— குருட்டு அதிர்ஷ்டம் சார். இப்போ பாருங்க, இந்தத் திருப்பத்துல திணறுவா.

— திணறலையே. ரெண்டு லாரிக்கு நடுவுல, பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லிக்கிட்டே, ஒரு கையால... எங்க ஆபீஸ் டிரைவர் இருபது வருஷ சர்வீஸ்மா. இந்த இடத்துல மூணு தடவை ஆளுங்களைத் திட்டுவான்.

— மேடம், நிறுத்துங்க! பெரியவர் ஒருத்தர் குறுக்க வர்றாரு! நிறுத்துங்க!

— ஐயோ, என் நெத்தி!

— சார், அது நான் போட்ட பிரேக் இல்ல. காலைக் கீழ இறக்கிட்டாரு.

— பின்ன என்ன சார் பண்றது? கவனமே இல்ல இவங்களுக்கு. நான் மட்டும் இல்லைன்னா இந்நேரம் அந்தப் பெரியவர்...

— அது தபால் பெட்டிங்க.

— தபால் பெட்டியா?

— குடிவந்த நாள்லேர்ந்து அங்கேயேதான் நிக்குது. ஒரு நாளும் குறுக்க வந்ததில்ல.

— மாஸ்டர், எதிர்ல அந்தக் கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?

— எந்தக் கடை சார்?

— விடுங்க. அம்மா, ஓரமா நிறுத்துங்க. அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல இடம் இருக்கே, அங்க. ம். ஒரே மூச்சுதான். சரி, நான் பார்த்ததைச் சொல்றேன். இவங்களுக்கு ஓட்ட வராதுன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா விதி திறமையைப் பத்திப் பேசல, லைசென்ஸைப் பத்தித்தான் பேசுது. எவ்வளவு நல்லா ஓட்டினாலும், லைசென்ஸ் வாங்காத வரைக்கும் மாணவிதான். மனசு ஒப்பல. இருந்தாலும் பயிற்சிக் கருவின்னே குறிச்சுடறேன்.

— சார், நீங்க நல்லா இருக்கணும் சார்! உங்க பிள்ளைங்களுக்கு நான் இலவசமா வண்டி சொல்லித் தர்றேன்.

— வேண்டாம், அது எனக்குச் சலுகை ஆயிடும். உங்க லைசென்ஸைக் கொடுங்க, எண்ணைக் குறிச்சுக்கறேன்.

— என்னோடதா?

— உங்களோடதுதான்.

— மாஸ்டர்கிட்ட யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்களே சார். மாணவர்ங்ககிட்டதானே கேப்பாங்க. இருங்க... இந்தாங்க.

— மாஸ்டர், இது காலாவதியாகி நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு.

— இருக்காது சார். தேதி மங்கலா இருக்கும். மூணு எட்டு மாதிரி தெரியும்.

— மங்கலா இருக்கறது தேதி இல்லைங்க. புதுப்பிக்கணும்னா கண்ணைப் பரிசோதிப்பாங்க சார். அதுக்குப் பயந்துதான் இவரு அப்படியே பர்ஸுல சொருகி வச்சுட்டாரு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— துவைக்கப் போடற சட்டைப்பையைத் துழாவறது யாரு?

— அப்போ மத்த மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா? இல்ல, பதில் சொல்லாதீங்க. அது வேற துறை. என் காதுல விழல. என் துறைக்கு வேண்டியது ஒண்ணுதான்: நாலு வருஷமா இந்த வண்டியில லைசென்ஸ் இல்லாத ஒருத்தர், லைசென்ஸ் இல்லாத இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரு. அது பாடம் இல்ல மாஸ்டர், ஊர் சுத்தறது. நாலு வருஷ வரி, அதுக்கு மேல அபராதம். வண்டியையும் முதலாளிகிட்ட ஒப்படைக்கச் சொல்லி எழுதணும்.

— சார், சார். நாளைக்கு அவங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள் சார். நாளைக்கு ஒரு நாளாவது விடுங்க. அபராதத்தை என் தலையில கட்டுங்க. கண் பரிசோதனைக்கும் போறேன். இவ போகச் சொன்ன அன்னைக்கே போயிருக்கணும்.

— நான் என்ன பண்ணட்டும்? விதிக்கு வண்டிக்குள்ள லைசென்ஸ் இருக்கற ஆள் ஒருத்தர் வேணும். ஒரே ஒருத்தர் இருந்தாப் போதும், நான் இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிடுவேன்.

— இந்தாங்க சார்.

— என்னம்மா இது?

— படிச்சுப் பாருங்க.

— உங்க போட்டோ. உங்க முகவரி. கொடுத்த தேதி... மாஸ்டரோட லைசென்ஸ் முடிஞ்சதுக்கு அடுத்த வாரம்.

— நீ பாஸ் பண்ணிட்டியா? எப்போ? எங்க?

— பல்லுக்கு வைத்தியம்னு மூணு நாள் போனேனே, அப்போ. வேற ஸ்கூல், வேற கம்பம். முதல் தடவையிலேயே இடிக்கல.

— நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!

— சொன்னா வண்டி போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? பின்சீட்டுல எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. முன்னாடி இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது இருக்க வேண்டாமா?

— அம்மா, அவசரப்பட்டுட்டீங்க. இதனால இன்னும் மோசமாத்தான் ஆகுது. லைசென்ஸ் இருக்கறவங்க மாணவியா இருக்க முடியாது. நாலு வருஷமா இவரு உங்களுக்குக் கத்துக் கொடுத்தாருன்னு எழுதியிருக்கறது அத்தனையும் பொய்யாகுது.

— அந்தப் பதிவேட்டைக் கொடுங்க சார், பேனாவையும் கொடுங்க. நாலு வருஷமா நான் ஓட்டிக் காட்டிக்கிட்டு இருக்கேன், இவரு பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்காரு. மாஸ்டர், நான். மாணவர், என் வீட்டுக்காரர். இன்னும் தேறலை.