ஏற்காட்டு மாப்பிள்ளை

அடையாறிலிருந்து தி.நகர் போக வேண்டியவன், திருவான்மியூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பிறந்து வளர்ந்த ஊரிலேயே எனக்கு இந்த லட்சணம். தப்பு தெரிந்தபிறகும் நான் இறங்காததற்குக் காரணம், முன் சீட்டில் ஓர் அம்மா மகளிடம் போட்ட சத்தம்.

"ஏரியப் பாத்து எவளாவது கல்யாணத்துக்கு ஓகே சொல்வாளாடி?"

பெண் கேட்டு வந்தவர்கள் ஏற்காட்டுக்காரர்கள். மாப்பிள்ளைக்கு அங்கே ஏரியில் படகு விடுகிற வேலை. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"இன்னாமா கொற? கோட்டூர்புரத்துல தண்ணி லாரி ஹாரன் அடிச்சா கொடத்த தூக்கினு ஓடறோம். அங்க வாசல்லயே ஏரி கீது."

"எட்டு மணிக்கெல்லாம் ஊரே இஸ்த்து மூடிக்கினு தூங்குமாம்."

"லாரி வராதுல்ல."

"தொவச்ச துணி வாரமானாலும் காயாதாம். ஈரப் பாவாடையோட நிப்பியா?"

"தொவைக்க தண்ணி கீதுல்ல."

"நான் செத்தாகூட, நீ மலையெறங்கி வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்கடி."

மகள் கொஞ்சம் அடங்கி, அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "நீயும் அங்க வந்து சாவுமா."

அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "சரி, தட்டு மாத்த வரச் சொல்லித் தொலை."

தேனிலவுக்கு ஒரே ஒருமுறை ஏற்காடு போய்வந்த மேதாவி நான். வாய் சும்மா இருக்குமா? முன்னால் குனிந்து சொன்னேன்: "ஏரித் தண்ணி குடிக்க ஆகாதும்மா. கோடைல அங்கயும் லாரிதான்."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இன்னா, தண்ணியவா கட்டிக்கப் போறேன்?"